சிவப்பு ஒட்டுப் போட்ட சட்டை

“எடுடி அந்த நாத்தம் புடிச்ச உடுப்ப. நாங்க குடிக்கிற தண்ணியிலயா நீ வெஷத்தக் கரைப்பே?”

“பின்ன எங்க கொண்டுபோய்த் தொவைக்கிறதாம், தொரை பங்களாத் தொட்டியிலயா?”

“எங்கனயோ போ. என் கொடம் நெறையிற வரைக்கும் பீலிப் பக்கம் வராத.”

“பீலி என்னா ஒங்கப்பன் வெட்டுனதா?”

“ஒங்கப்பன் வெட்டுனதும் இல்ல.”

இரண்டு அப்பன்மாரும் மண்ணுக்குள் போய்ப் பல வருசமாகிவிட்டது. ஆனாலும் நெட்டமலைத் தேயிலைத் தோட்டத்தில், ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் அவர்களுக்கு இன்னும் ஓய்வு கிடைத்தபாடில்லை.

விடிய நேரமிருந்தது. பனிமூட்டம் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரங்களின் மேல் படுத்துக் கிடந்தது. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்குத் தப்படிப்பதற்குள் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, பிள்ளைகளை மடுவத்தில் விட்டுவிட்டு ஓட வேண்டிய பெண்கள் குடங்களோடு வரிசையில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ரெங்காயி எதற்கும் அசையவில்லை. முழங்காலளவு தண்ணீரில் நின்று புருசனின் சட்டையைக் கல்லில் ஓங்கி அடித்தாள். அடிக்கு அடி மருந்தின் வெள்ளைப்பூண்டு வாடை எழுந்தது. நுரை பால் மாதிரிப் பிரிந்து, சண்டைக்கு நின்ற பவளக்கொடியின் குடத்தை உரசிக்கொண்டு போயிற்று. சட்டையின் தோள்பட்டையில் ஒரு சிவப்பு ஒட்டு. மருந்துப் பம்பின் வார் அறுத்த இடத்தில், தன் கலியாண ரவிக்கையைக் கிழித்து ரெங்காயியே தைத்தது.

அவள் புருசன் சடையன் வண்டு மருந்து அடிக்கிறவன். கவ்வாத்து வெட்டிய மலைகளில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு அடிக்கிற மருந்து அது. வண்டு செத்ததா என்பது வண்டுக்குத்தான் தெரியும். சடையனுக்கு மட்டும் வாயோரம் எச்சில் வடிய ஆரம்பித்தது, கால் பின்னியது, கண்மணி கடுகாய்ச் சுருங்கிற்று. இரண்டு தடவை மலையில் விழுந்தான். இரண்டு தடவையும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர் குமாரசிங்கம் ‘குடி’ என்று எழுதினார். மூன்றாவது தடவை அப்படி எழுதினால் வேலைப் பதிவில் பேர் வெட்டு. பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்தபிறகு பங்களாவில் துரை மாறினார்; இந்தச் சட்டம் மாறவில்லை.

ரெங்காயிக்கும் கொஞ்ச நாளாய்க் கை நடுங்கியது. கொழுந்து கிள்ளும்போது இரண்டு இலை நான்காய்த் தெரிந்தது. இதைக் கண்டுபிடித்த பவளக்கொடி, “புருசன் குடிக்கிறான், பொண்டாட்டி தள்ளாடுறா” என்று ஒரு வார்த்தை விட்டாள். காலையில் பீலியில் விட்ட வார்த்தை, மத்தியானச் சங்கு ஊதுமுன் தேயிலை அரைக்கிற ஸ்டோர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பவளக்கொடியின் வார்த்தைகளுக்குக் கால் உண்டு. அவளுக்குத்தான் முழங்காலில் வாயு.

“பவளம், அந்த மனுசன் குடிச்சத நீ கண்ணால கண்டியா?” என்றாள் ரெங்காயி, சட்டையைப் பிழிந்தபடியே.

“காணல. ஆனா நீ ஒழுங்கா நடந்ததையும் காணல.”

“நாளைக்கி ரத்தம் எடுக்க வர்றாங்கல்ல? குடியா மருந்தான்னு ஊருக்கே தெரியும். அப்ப ஒன் மூஞ்சிய எங்க வச்சிக்கிறேன்னு பாப்போம்.”

அதுதான் அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு. பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்தடித்தவன் ஒருவன் மலையிலேயே செத்துப்போக, தொழிற்சங்கங்கள் போட்ட கூச்சலில், மருந்தடிக்கிறவர்களின் இரத்தத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு லேடி டொக்டர் தோட்டம் தோட்டமாய் வந்துகொண்டிருந்தார். மருந்து உடம்பில் ஊற ஊற இரத்தத்திலுள்ள ஒரு சத்து குறையும், அந்த அளவைப் பார்த்தால் சொல்லிவிடலாம் என்று குமாரசிங்கம்தான் ஒருநாள் வாய்தவறிச் சொன்னார்.

சண்டை நடுவிலேயே கணக்கப்பிள்ளை வந்து நின்றார்.

“ரெங்காயி, அலசினது போதும். அந்தச் சட்டையையும் இடுப்புல கட்டுற சாக்கையும் குடு. நாளைக்கி டொக்டரம்மா பாக்கணுமாம்.”

“சட்டையையா, ஆளையா?”

“எல்லாத்தையுந்தான். குடும்மா.”

ஈரத்தோடு வாங்கிக்கொண்டு போனார். பவளக்கொடி குடத்தை இடுப்பில் ஏற்றியபடி அவர் முதுகைப் பார்த்தாள். சட்டைக்குக்கூட வைத்தியம் பார்க்கிற காலம் வந்துவிட்டதா என்று அவளுக்கு ஓர் அரிப்பு. ரெங்காயி அதை யோசிக்கவில்லை. சடையன் பிழைத்தான் என்றே நினைத்தாள்.

மறுநாள் பெரட்டில் மருந்துக்காரர்களை லொறியில் ஏற்றி உச்சிமலைக்கு அனுப்பினார்கள். சடையன் ஏறும்போதே ஒருமுறை சறுக்கினான்.

“ஐயா, இன்னைக்கி இவங்களுக்கு ரத்தம் எடுக்கிற நாளாச்சே?” என்றாள் ரெங்காயி கணக்கப்பிள்ளையிடம்.

“சாயங்காலம் எடுப்பாங்க. நீ கூடையத் தூக்கு.”

சங்கத் தலைவரைக் கேட்கலாமென்றால், அவர் அன்றைக்கென்று பதுளையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். தோட்டத்தில் எது நடந்தாலும் தலைவருக்குப் பதுளையில் ஒரு கூட்டம் இருக்கும்.

“மருந்தடிக்கிறவனுக்கு லொறி விட்ட தொரைய நான் இன்னைக்கித்தான் பாக்குறேன்” என்றாள் பவளக்கொடி.

பெண்களுக்கு ஆஸ்பத்திரிக்கு மேலேயுள்ள மலை. இடுப்பில் கட்டிய படங்குத் துணி பனியில் நனைந்து தொடையில் ஒட்ட, கூடைக் கயிறு நெற்றியை அறுக்க, அட்டைகளை உதறியபடி நிரை பிடித்தார்கள். ரெங்காயியின் விரல்கள் அரும்பைத் தேடித் தடவின. பவளக்கொடி பத்துக் கொழுந்துக்கு ஒருமுறை நிமிர்ந்து கீழே பார்க்கிறவள். கங்காணி எவ்வளவோ ஏசியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அன்றைக்கும் நிமிர்ந்தாள்.

“அடியே ரெங்கு, ஒம் புருசன் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறான்.”

“அவரு உச்சிமலையில இல்ல?”

“சட்டை சடையனோடதுதான், செவப்பு ஒட்டு நல்லாத் தெரியுது. மேல இருக்கிற தலதான் வேற.”

ரெங்காயி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவளுக்குச் சிவப்பு ஒட்டு இரண்டாகத் தெரிந்தது. ஆனால் இரண்டும் தன் ரவிக்கைத் துணிதான் என்பதில் சந்தேகமில்லை. கூடையைக் கழற்றி நிரையிலேயே வைத்துவிட்டுச் சரிவில் இறங்கினாள். கங்காணி கத்தினார். பவளக்கொடியும் கூடையைக் கழற்றினாள். முதலில் அது நியாயத்துக்காக அல்ல, வேடிக்கையைத் தவறவிட அவளால் முடியாது. அவள் போனால் மற்றவர்கள் நிற்பார்களா?

ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு மேசை, கண்ணாடிக் குழாய்கள், ஐஸ் பெட்டி. துரை தொப்பியோடு நின்றார். குமாரசிங்கம் சுவரோடு சுவராய் நின்றார். மருந்துக்காரர்களின் உடுப்பில் நான்கு பேர். முன்னால் நின்றவன் ஸ்டோரில் தேயிலை சலிக்கிற காத்தமுத்து. டொக்டர் ஞானேஸ்வரி அவன் இமையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண் நல்லா இருக்கே. எவ்வளவு காலமா மருந்தடிக்கிறீங்கள்?”

“ஆறு வருசங்க” என்றான் காத்தமுத்து, துரையைப் பார்த்துக்கொண்டே.

“தம்பி காத்தமுத்து, அது யாரு சட்டை?” என்றாள் ரெங்காயி வாசலில் நின்று.

துரை திரும்பினார். “யார் இது? கொழுந்துக்குப் போ.”

“போறேங்க தொரை. அந்தத் தோள்ல ஒரு செவப்பு ஒட்டு இருக்கு பாருங்க. அது என் ரவிக்கைத் துணி. என் ரவிக்கைய இந்தப் பையன் எதுக்குப் போட்டிருக்கான்னு கேட்டுட்டுப் போறேன்.”

“தோட்டத்துச் சட்டை. யாரும் போடலாம்.”

“சட்டை தோட்டத்தோடதா இருக்கட்டுங்க. ரவிக்கை என்னோடது.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். துரையின் காது சிவந்தது. ரெங்காயி காத்தமுத்துவையே பார்த்தாள். அவன் ஈரச் சட்டைக்குள் நெளிந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“நேத்து அத முழுசா அலசல தம்பி. இந்தப் பவளம் பீலியில சண்டைக்கி வந்துட்டா, மிச்சத்தக் கணக்கப்புள்ள புடுங்கிட்டுப் போயிட்டாரு. மருந்து அப்படியே இருக்கு. சொறியாத. சொறிஞ்ச கைய வாயில வைக்காத.”

காத்தமுத்து கையைப் பார்த்தான். பிறகு துரையைப் பார்த்தான். அடுத்த கணம் சட்டையைத் தலைவழியாக உருவி எறிந்தான். ஒரு பொத்தான் தெறித்து டொக்டரின் மேசையில் உருண்டது.

“நான் ஸ்டோர்ல சலிக்கிறவங்க அம்மா. மருந்துப் பம்ப தொட்டதே இல்ல.”

மற்ற மூவரும் சொல்லி வைத்தது போலச் சாக்கை அவிழ்த்தார்கள். ஆஸ்பத்திரி விறாந்தை கொஞ்ச நேரம் கோயில் குளக்கரை மாதிரி இருந்தது.

“அப்ப மருந்தடிக்கிற ஆக்கள் எங்கை?” என்றார் டொக்டர்.

“அவர்கள் எல்லாம் குடிகாரர்கள், டொக்டர். இரத்தம் எடுத்தாலும் சாராயம்தான் வரும். டிஸ்பென்சரைக் கேளுங்கள், எழுதியிருக்கிறார்” என்றார் துரை.

எல்லோரும் குமாரசிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எழுதினனான்தான்” என்றார் கடைசியில். “ஆனா வாய் மணந்து பாத்து எழுதேல்லை. துரை சொன்னவர், எழுதினன்.”

டொக்டர் ரெங்காயியைக் கிட்ட அழைத்தார். இமையை விரித்தார். கையை நீட்டச் சொன்னார். விரல்கள் காற்றில் நடுங்கின.

“நீங்களும் மருந்தடிக்கிறனீங்களோ?”

“இல்லீங்க. தொவைக்கிறேன்.”

“எத்தினை நாளைக்கு ஒருக்கா?”

“தெனமும்.”

டொக்டர் பேனையை வைத்துவிட்டு ஊசியை எடுத்தார்.

“மருந்தடிக்கிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி” என்றார் துரை. “இந்தப் பெண் கொழுந்துக்காரி.”

அப்போது பவளக்கொடி முன்னால் வந்தாள். நேற்றுப் பீலிக்கரையில் கேட்ட அதே குரல்.

“அப்ப எங்களையும் எழுதிக்கங்க. இவ தொவைச்ச தண்ணியத்தான் நாங்க குடிக்கிறோம். நேத்துதான் அதுக்குச் சண்டை போட்டேன். சண்டை போட வேண்டிய ஆளு இவ இல்லன்னு இப்பத்தான் வெளங்குது.”

“கூடையை எடு. எடுக்காதவளுக்கு இன்றைக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை” என்றார் துரை.

“ரத்தம் எடுக்காட்டி நாளைக்கிக் கொழுந்தும் இல்லீங்க.”

“உங்கள் தலைவர் சொன்னாரா இப்படிப் பேச?”

“அவரு பதுளைக்குப் போயிருக்காரு. வந்ததும் சொல்லச் சொல்றோம்.”

துரை பெண்களை எண்ணுகிறவர் போலப் பார்த்தார். எண்ண முடியவில்லை, மலையிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் யாரோ உச்சிமலையை நோக்கிக் குரல் கொடுத்திருந்தார்கள். மலைக்கு மலை தாவி அது போய்ச் சேர்ந்தது. மருந்துக்காரர்கள் லொறிக்குக் காத்திருக்கவில்லை, பம்பு முதுகோடு நடந்தே வந்தார்கள். வந்த வேகத்தில் பம்புகளை ஆபீஸ் வாசலில் இறக்கினார்கள். வெள்ளைப்பூண்டு வாடை முதன்முதலாய் ஆபீஸுக்குள் நுழைந்தது. பெரிய கிளாக்கர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்.

சடையன் வாயைத் துடைத்துக்கொண்டு பெண்டாட்டியைத் தேடினான்.

“என்னா வெசேஷம் புள்ள?”

“ஒன் சட்டை காணாமப் போச்சு. கண்டுபிடிச்சிட்டோம். கைய நீட்டு.”

குழாய்கள் தீரும்வரை டொக்டர் எடுத்தார். மருந்துக்காரர்கள் முதலில், துவைக்கிறவர்கள் அடுத்து, கடைசிக் குழாய் பவளக்கொடிக்கு. ஊசியைக் கண்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டதை லயம் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறது. ஐஸ் பெட்டியைக் காத்தமுத்துதான் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனான்.

பதில் வரும்வரை, மருந்து உடுப்பு துவைக்க லயத்துக்குக் கீழே தனித் தண்ணீர்க் குழாய் போடும்வரை, ஒருவனும் பம்பைத் தூக்குவதில்லை என்று அன்று பெரட்டுக்களத்தில் முடிவாயிற்று. பதுளையிலிருந்து திரும்பிய தலைவர், தானும் அதையேதான் நினைத்திருந்ததாகச் சொன்னார். ஒருவரும் அவரை மறுக்கவில்லை. வந்து நின்றாரே, அது போதும்.

தீபாவளி வந்து போயிற்று, பதில் வரவில்லை. பம்புகள் ஆபீஸ் வாசலிலேயே துருப்பிடித்தன. தோட்டம் இரண்டு தடவை பொலிசைக் கூப்பிட்டது. பம்பைத் தூக்கு என்று பொலிசாலும் சொல்ல முடியவில்லை, அவர்களுக்கும் அந்த வாடை பிடிக்கவில்லை. சடையனின் பேர் இன்னும் வெட்டப்படவில்லை. எச்சில் வடிவது நின்றுவிட்டது, கால்தான் இன்னும் பின்னுகிறது. ரெங்காயிக்கு இரண்டு இலை இரண்டாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

துரை வேறு தோட்டத்துக்கு மாறிப்போனார். குமாரசிங்கம் யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார். போகுமுன் லயத்துக்கு வந்து ரெங்காயி கொடுத்த, பால் விடாத பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போனார், அதுவரை அவர் லயத்தில் கைநனைத்ததில்லை. காத்தமுத்துவை ஸ்டோரிலிருந்து மலைக்கு விரட்டினார்கள். மலையில் அவனுக்கு மருந்துக்காரன் ஒருவனின் தங்கை கிடைத்தாள், தையில் கலியாணம். மாப்பிள்ளைச் சட்டையின் தோளில் பெண்டுகள் கேலிக்கு ஒரு சிவப்பு ஒட்டுத் தைத்துவிட்டார்கள், அவனும் அதோடுதான் தாலி கட்டினான்.

பவளக்கொடியின் மூத்தவளைக் கேட்டு மடுல்சீமையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நகை பற்றி, சீர் பற்றி அவர்கள் ஆரம்பிக்குமுன் பவளக்கொடி கையமர்த்தினாள்.

“அதெல்லாம் இருக்கட்டும். ஒங்க தோட்டத்துல மருந்து உடுப்ப எங்க தொவைக்கிறாங்க?”

“பீலியிலதாங்க” என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

“அப்ப எம் மக வர்றதுக்குள்ள நீங்க ஒரு காரியம் செய்யணும்” என்றாள் பவளக்கொடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெங்காயி வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

பெண் மாசியில் மடுல்சீமைக்குப் போனாள். அங்கேயும் ஆபீஸ் வாசலில் பம்புகளை இறக்கி வைத்திருப்பதாகப் பங்குனியில் சேதி வந்தது.