ஒரு நாள் பிரேக்

"நான் வேணும்னு அழிக்கலம்மா, லிஸ்ட்டு வந்துது—"

"அழிச்சது உங்க கைதானே சார்—"

"பேச விடு மலரு! காண்ட்ராக்ட் முடிஞ்சவங்க லாகினை எடுன்னு எழுதி வந்துது. எடுத்தேன்."

"எனக்கு எங்க முடிஞ்சுது? மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு நாள் பிரேக்குன்னு வூட்ல குந்த வெக்கிறாங்க. மறுநாளே கூப்புடுறாங்க. முன்னாடி நாலு பிரேக்குல எடுத்தீங்களா?"

"இப்ப ஆடிட்டு. அன்னிக்கே எடுக்கணும்னுட்டாங்க."

சுரங்கத்துக்கு ஷிப்ட் பஸ் விடும் தனியார் கம்பெனி அது. அதன் மந்தாரக்குப்பம் ஆபீசில் கம்ப்யூட்டரின் முழு அதிகாரமும் தரும் 'ரூட்' பாஸ்வேர்டு தெய்வசிகாமணி ஒருவரிடம்தான் உண்டு. அவர் பர்மனென்ட். மலர்விழி காண்ட்ராக்ட். எந்த பஸ் டவுன்ஷிப்பின் எந்த பிளாக்கைத் தாண்டுகிறது என்று தொழிலாளியின் போனுக்குச் சொல்ல, ஆபீசின் பெரிய கம்ப்யூட்டருக்குள்ளேயே தனித்தனிப் பெட்டிகளாக மூன்று மெய்நிகர் கம்ப்யூட்டர்களை அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் ரூட் இல்லாமல் அதைச் செய்ததில்லை. அவள் செய்தாள், தன் லாகினுக்குள்ளேயே. நேற்று லாகின் போனது. மூன்றும் அதோடு போயின.

பதினோரு மணிக்கு மேனேஜர் பார்க்க வருகிறார். மூன்றும் ஓடினால் அவளுக்கும் பர்மனென்ட் என்று சொல்லியிருந்தார். மணி பத்தேமுக்கால்.

"எங்கிட்ட கேட்டிருந்தா சிஸ்டம் பேர்லயே போட்டுக் குடுத்திருப்பேன். உன் லாகின் போனாலும் ஓடிகினு இருந்திருக்கும்."

"ஆறு தடவை கேட்டேன் சார். 'காண்ட்ராக்டுக்கு எதுக்கு ரூட்டு, போய் டீ குடி'ன்னீங்க."

"அது சிரிச்சுகினு சொன்னதும்மா."

"நானும் சிரிச்சுகினுதான் போனேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காப்பி எடுத்து வெச்சிருப்பியே?"

"பேக்கப் டிஸ்க்குல எழுத ரூட்டு வேணும். பென்டிரைவ்ல எடுத்துகினு போனா கேட்ல புடுங்கிக்கிறாங்க."

"இரு, லாகினைத் திரும்பப் போட்டுத் தரேன்."

அவசரமாகத் தட்டினார். திரையில் அவள் பெயர் வந்தது. அவள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"காலி பண்ணி வெள்ளையடிச்ச குவார்ட்டர்ஸ் மாதிரி இருக்கு சார்."

"தப்பு எம்மேலன்னு மேனேஜர்கிட்ட நானே சொல்றேன்."

"சொல்லுங்க. ஓடாததை எப்படிக் காட்டுறதுன்னும் நீங்களே சொல்லிக் குடுங்க."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. தெய்வசிகாமணி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் எழவில்லை.

"லிஸ்ட்ல எம்பேரைப் பார்த்தப்போ, ஒரு போன் அடிப்போம்னு உங்களுக்குத் தோணவே இல்லியா சார்?"