மாமா எறிஞ்ச கடப்பாரை

இடி விழுந்த அதே நிமிசம் நல்லகாமன் மாமா வீட்டுத் தோட்டத்து லைட்டு அம்புட்டும் பொசுக்குன்னு அணைஞ்சுபோச்சு. லைட்டு மாட்டுன எலக்ட்ரீசியன் சோலைக்கு லைட்டு போன மாதிரியே தெரியல. முத்துமீனாவே கைய விட்டுப் போன மாதிரிதான் இருந்துச்சு.

பின்ன என்ன? தாய்மாமன் மக, மொறைப்பொண்ணு. பரவை மார்க்கெட்டுல காய்கறிக் கடை வச்சிருக்கிற மாமாவோ, "வயரைத் தூக்கிக்கிட்டுத் திரியுற பயலுக்கா எம்பொண்ணு?"ன்னு இழுத்தடிச்சுக்கிட்டே இருந்தவரு. ஒத்தக்கடையத் தாண்டிப் புது வீடு கட்டுனப்பதான் கொஞ்சம் எறங்கி வந்தாரு. "தோட்டத்துக்கு நீயே லைட்டு போடு மாப்ள. ஒரு மழைக்குத் தாங்கட்டும், அப்புறம் பேசுவோம்"னாரு.

சோலை உசுரக் குடுத்து வேலை பார்த்தான். புல்தரையச் சுத்தி மண்ணுக்குள்ள வயரு, மாமரத்தடியில அண்ணாந்து பார்க்குற லைட்டு, நடைபாதை ஓரமா முழங்கால் உசரத்துக்குக் குட்டிக் குட்டி லைட்டு. இன்னைக்குப் பால் காய்ச்சி முடிஞ்சும், லைட்டப் பார்த்துட்டுத்தான் போவோம்னு சொந்தக்காரங்க போர்ட்டிகோவுல உட்கார்ந்திருந்தாங்க. பொழுது சாயவும் சுவிட்சைத் தட்டுனான். எல்லாரும் வாயப் பொளந்தாங்க. அந்தக் கோடை மழைக்கு வேற நேரமே கிடைக்கல பாருங்க!

"பார்த்தீகளா, ஒரே இடிக்குப் படுத்துருச்சு"ன்னு மாமா சபையில சத்தமாச் சொன்னாரு. சொந்தக்காரங்க சிரிச்சாங்க. சோலைக்கு அழுகையே வந்துருச்சு.

மின்னல் நேரா லைட்டு மேல விழணும்னு இல்ல. பக்கத்துத் தென்னையில விழுந்தாலே மண்ணு வழியா வயருல புகுந்து மொத்தத்தையும் கருக்கிரும். அதுக்குத்தான் மெயின் பெட்டிக்குப் பக்கத்துல சர்ஜ் பெட்டி ஒண்ணு மாட்டியிருந்தான். மின்னல் உள்ள வந்திருந்தா அதுல செவப்பு காட்டணும். ஓடிப்போய்ப் பார்த்தா பச்சையா சிரிக்குது! அப்ப இது இடி பண்ணுன வேலை இல்ல.

மழை கொஞ்சம் விட்டதும் டார்ச்சோட வயரு போற தடத்துலயே போனான். வீட்டுப் பக்கவாசலுக்கு எதிர்ல, நந்தியாவட்டைச் செடிக்குப் பின்னாடி, ஒரு கடப்பாரை மண்ணுல குத்துக்கல்லு கணக்கா நிக்குது. வயரு ரெண்டு துண்டு. அந்த ஷார்ட்டுலதான் தோட்டத்து லைட்டு அம்புட்டும் போயிருக்கு.

"அப்பா எறிஞ்சதுதான்"னு பின்னாடி குரல் கேட்டுச்சு. முத்துமீனா குடையோட நின்னா. "அடுப்படி சன்னல்ல இருந்து பார்த்தேன். 'அர்ச்சுனா, அர்ச்சுனா'ன்னு கத்திக்கிட்டே பக்கவாசல் வழியா வீசுனாரு."

அவங்க சனத்துல அது வழக்கம். இடி இடிச்சா கையில கெடச்ச இரும்ப வெளிய எறிவாங்க. இடி அதுல எறங்கிக்கிரும், வீட்டுக்கு வராதுன்னு நம்பிக்கை. வயரை வெட்டுனது தெரியாம மாமா உள்ள போயிட்டாரு.

"போய்ச் சொல்லு மச்சான்."

"விசேஷ வீட்டுல மாமா மானம் போயிரும்டி. அப்புறம் உன்னைக் குடுப்பாரா?"

"பொய்யச் சொல்லி என்னைக் கட்டிக்கலாம்னு நெனக்காத"ன்னுட்டு அவ வெடுக்குன்னு திரும்பிப் போயிட்டா.

சோலை அந்த ஒரு லைனை மட்டும் கழட்டிவிட்டு மத்த லைட்ட எரியவச்சான். மாமரம் திரும்பவும் ஜொலிச்சுச்சு. சபைக்கு வந்தவன், கூசாம அடிச்சு விட்டான்: "மாமா கடப்பாரை எறிஞ்சாருல்ல, இடி அதுலதான் எறங்கியிருக்கு. இல்லேன்னா வீட்டுக்கே வந்திருக்கும். ஒரு வயரு போனதோட தப்பிச்சோம்!"

மாமாவுக்கு மூஞ்சியெல்லாம் பல்லு. "பார்த்தீகளா! நான் எறிஞ்சதுதான் வீட்டக் காப்பாத்திருக்கு! மாப்ள வெவரமானவன்யா!"

முத்துமீனா மட்டும் மொறைச்சா.

அந்நேரம் பார்த்து வானம் மறுபடியும் உறுமுச்சு. மழை கொட்டுச்சு. மாமா துள்ளிக் குதிச்சு எறங்குனாரு. "எறிஞ்சதே இம்புட்டு வேலை செஞ்சா, நட்டு வச்சா எம்புட்டு செய்யும்!" கடப்பாரையப் பிடுங்கிக்கிட்டு நேரா மாமரத்தடிக்குப் போறாரு. அங்கதான் வயருல கரண்டு ஓடிக்கிட்டிருக்கு. மேல மின்னல், கீழ கரண்டு, நடுவுல இரும்போட மாமா!

சோலை பாய்ஞ்சான். செருப்புக்கூடப் போடாம ஓடி, ஓங்குன மனுசன இடுப்போட கட்டிப்பிடிச்சு இழுத்தான். ரெண்டு பேரும் சேத்துல உருண்டாங்க.

"நான் சொன்னது பொய் மாமா! இடியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! நீங்க எறிஞ்ச கடப்பாரைதான் வயரை வெட்டுச்சு! இங்க குத்துனீங்கன்னா செத்துப்போவீங்க! பொண்ணு குடுக்கலேன்னாலும் பரவால்ல, மொதல்ல உள்ள வாங்க!"

மாமா எந்திரிச்சு, தலையக் குனிஞ்சுக்கிட்டு போர்ட்டிகோவுக்கு வந்தாரு. சொந்தக்காரங்க ஒருத்தர்கூட படியவிட்டு எறங்கியிருக்கல. அவங்கள ஒரு சுத்து பார்த்துட்டு, சேறு வழியுற மூஞ்சியோட சோலை பக்கம் திரும்புனாரு.

"பொண்ணு குடுக்கலேன்னாலும் பரவால்லன்னு சொன்னேல்ல?"

"ஆமா மாமா."

"அப்ப உனக்குத்தான்டா குடுப்பேன்."

சோலைக்குக் கண்ணு கலங்கிருச்சு. கையெடுத்துக் கும்பிடப் போனான். அதுக்குள்ள உள்ள இருந்து ஒரு துண்டு பறந்து வந்து அவன் மூஞ்சியில விழுந்துச்சு.

"பரவால்லயாம்ல, பரவால்ல!"ன்னு முத்துமீனா கத்துனா. "எனக்குப் பரவால்லயான்னு கேட்டியா நீயி?"