சின்ன மாதம்

என் அண்ணனுக்கு வாய் நீளம். அந்த வாயால்தான் அவன் சூப்பர்வைசர் ஆனான் என்று அம்மா சொல்வாள். அதே வாயால் ஒருநாள் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்றும் சொல்வாள். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற சலவை ஆலையில் அவனுக்கு வேலை. அவன் சொல்லித்தான் எனக்கும் அங்கே மடிப்பு மேசையில் இடம் கிடைத்தது. அதனால் அவன் ஜோக் அடித்தால் முதலில் பல்லை இளிப்பது நான்தான். யாரும் சொல்லிக்கொடுத்துப் பழகியதில்லை, தானாக வந்துவிட்டது.

மடிப்பு மேசைக்குப் பக்கத்தில்தான் ரோலர் மெஷின். ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் சூடான உருளைக்குள் போய் மறுபக்கம் சுருக்கம் இல்லாமல் வரும். அதில் நிற்கிறவளை ரோலர்க்காரி என்போம். வேறு நாட்டுக்காரி. வேலைக்கு வேண்டிய அளவு எங்கள் பேச்சைக் கற்றிருந்தாள், அதுவும் துண்டு துண்டாக. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, எதிரெதிரே நின்று உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். எனக்கு அந்தப் பக்கம் எப்போதும் அவள்தான். ஆலையில் நான் மனசு விட்டுப் பேசியதும் அவளிடம் மட்டும்தான்.

அப்படி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் ஊர்க் கணக்கைச் சொன்னாள். அங்கே வருஷத்துக்குப் பதிமூன்று மாதம். பன்னிரண்டுக்கும் முப்பது முப்பது நாள், கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. மிஞ்சுகிற சில நாட்களை வீணாக்காமல் கடைசியில் ஒரு சின்ன மாதமாக வைத்துவிட்டார்கள். கேட்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தச் சின்ன மாதத்தின் ஆறாம் நாள்தான் அவளுக்கு மகன் பிறந்தானாம். பிறந்த அன்றைக்கே போய்விட்டானாம். என் கையிலிருந்த முனை நழுவிவிட்டது. அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"அந்த நாள் இந்த வருஷம் வருது. அன்னிக்கு வேலை வேணாம், வீட்ல இருக்கணும். உங்க அண்ணன்கிட்ட நீ சொல்லு. எனக்குச் சொல்ல வராது."

இந்த வருஷம் வருகிறதாம். எல்லா வருஷமும்தான் எல்லா நாளும் வருகிறது, பாவம், பேசத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். "நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாத" என்றேன்.

பார்த்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் இரண்டு பேர் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். புது ஹோட்டல் ஒன்றின் மூட்டைகள் வாசல்வரை குவிந்து கிடந்தன. அண்ணன் கிட்டே போனாலே எரிந்து விழுந்தான். நாளைக்குச் சொல்லலாம், சாப்பிட்டபின் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். வீட்டில் ஒரே கூரையின்கீழ்தான் இருக்கிறோம், சொல்ல முடியாமல் இல்லை. அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வான் என்று பயம், அவ்வளவுதான்.

அந்த நாளுக்கு முந்தின நாள் மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளே எழுந்து அண்ணனிடம் போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன் என்ற நம்பிக்கையில்தான் போனாள். எப்போ லீவு வேண்டும் என்று அவன் கேட்டான். நாளைக்கு என்று சொல்லியிருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கலாம். பதற்றத்தில் அவளுக்கு வாயில் வந்தது அவள் ஊர்க் கணக்கு.

"பதிமூணாம் மாசம், ஆறு" என்றாள்.

அண்ணனுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"பதிமூணாம் மாசமா? தாராளமா எடுத்துக்கம்மா. அந்த மாசம் இங்க வரட்டும், மாசம் பூரா உனக்கு லீவுதான்."

அறையே அதிர்ந்தது. முதலில் சிரித்தது நான்தான். அவன் வாயை மூடுவதற்கு முன்பே சிரித்துவிட்டேன். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் சாப்பாட்டு டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் அவளுக்குப் 'பதிமூணு' என்று பெயர் நிலைத்துவிட்டது.

பஸ்ஸில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? அண்ணனுக்கு ஆலையில் கேக் வெட்டுகிற தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயசு பத்தவில்லை என்று ஹெட்மாஸ்டர் தன் இஷ்டத்துக்குப் போட்டது. நிஜத்தில் அவன் பிறந்தது ஆவணியில். இங்கிலீஷ் மாதம் ஒன்றின் நடுவில் தொடங்கி இன்னொன்றின் நடுவில் முடிகிறது ஆவணி. தேதி எது என்று அம்மாவுக்கே தெரியாது, ஆவணி என்று மட்டும் தெரியும். ரோலர்க்காரியின் சின்ன மாதம் வருவதும் எங்கள் ஆவணியில்தான். இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. அவளைப் பார்த்து இளித்தேன். அப்படியே ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. அப்போதுகூட வீட்டுக்குப் போய் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள். எப்போதும்போல ரோலரில் நின்றாள். நாங்கள் விரிப்புகளை மடித்தோம். முனைகள் சேரும்போதெல்லாம் அவள் விரல் என் விரலில் பட்டது, அவள் முகம் மட்டும் என் தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுப்பேன், அவள் அடுத்த விரிப்புக்குத் திரும்பியிருப்பாள். ஒரு தடவை மெஷினில் விரிப்பு சிக்கிக்கொண்டது. "என்ன பதிமூணு, தூக்கமா?" என்றது யாரோ. அவள் விரிப்பை இழுத்து நேராக்கினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன் முகம் செத்துப்போனது. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டான். அவன் கெட்டவன் இல்லை, வாய்தான் முந்தும்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான். தலையாட்டினேன். "தெரிஞ்சுமா சிரிச்ச?"

அம்மாதான் பாத்திரத்தை எடுத்தபடி சொன்னாள்.

"அவனாவது தெரியாம பேசினான்."

காலையில் அண்ணன் நேராக ரோலர் மெஷினுக்குப் போய் அதை நிறுத்தினான். ஆலையில் சத்தம் குறைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரல் தேய்ந்திருந்தது.

"நான் பேசினது தப்பும்மா. எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் நீ கேக்கவே வேணாம், அந்த நாளுக்கு நானே லீவு போட்டுடறேன்."

அவள் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு சொன்னாள், அவனிடம் இல்லை, என்னிடம்.

"அடுத்த வருஷம் ஆறாம் நாள் இல்ல. சின்ன மாசம் அஞ்சு நாள்தான். நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஆறு வரும்." விரல்களை மடக்கிக் காட்டினாள். "அவன் போன அப்புறம் இதுதான் முதல் தடவை."

இந்த வருஷம் வருது என்று அவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

ஏதாவது சொல்லேன் என்பதுபோல அண்ணன் என்னைப் பார்த்தான். அவள் பொத்தானை அழுத்தினாள், உருளை சுற்றத் தொடங்கியது. முதல் விரிப்பு வெளியே வந்ததும் இரண்டு முனைகளைத் தான் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் என் பக்கம் நீட்டினாள். பிடித்தேன். உதறினோம். அடுத்து அவளிடம் நடந்து போய்க் கை சேர்க்க வேண்டும். எனக்குக் கால் எழவில்லை. அவள்தான் நடந்து வந்தாள்.