அடங்கலில் ஏறிய பெயர்

நயினார்கோவில் பக்கத்தில் ராமலெட்சுமிக்கு மூன்று ஏக்கர் வானம் பார்த்த வயல் இருந்தது. கணவர் இறந்தபின் பன்னிரண்டு வருடமாக ராக்கு என்பவள்தான் அதை விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு உழுதாள். ஆனால் காகிதத்தில் இருந்தது ராமலெட்சுமியின் பெயர். மானிய விதை வாங்கவும் கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் பெயர் உள்ளவரின் கையெழுத்து வேண்டும்.

போன வருடம் பயிர் கருகி, நிவாரணம் ராமலெட்சுமியின் பெயருக்கே வந்தது. அதை அப்படியே ராக்குவிடம் கொடுத்தபோது அவள் குனிந்து கும்பிட்டாள். தன் பயிருக்கு வந்ததை வாங்க ஒருத்தி கும்பிட வேண்டுமா என்று ராமலெட்சுமிக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. கிராம அலுவலகத்துக்குப் போய், சாகுபடி செய்கிறவள் ராக்கு என்று அடங்கல் பதிவேட்டில் எழுதவைத்துவிட்டு வந்தாள்.

கொழுந்தன் முனியசாமி மறுநாளே வந்தார்.

“மதினி, அவ பேரு ஏறிருச்சுன்னா நெலம் நம்ம கைய விட்டுப் போச்சுன்னு வச்சுக்கங்க.”

“உழுகிறவ பேரத்தானே எழுதச் சொன்னேன்.”

“நம்ம சனத்துல எவனாச்சும் இப்படிச் செஞ்சிருக்கானா?”

கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். அவர் பேத்தியின் காதுகுத்துக்கு ஊருக்கெல்லாம் பத்திரிகை போனது, இவள் வீட்டுக்கு வரவில்லை.

ஆடியில் ராக்கு மண்ணுக்கு எருவாக வயலில் ஆட்டுக்கிடை போட்டாள்.

“இத்தன வருசமா உரமூட்டையத்தானே கொட்டுன?” என்று கேட்டாள் ராமலெட்சுமி.

“அடுத்த வருசம் யாரு கைக்குப் போகுமோன்னு கெடந்த மண்ணும்மா. இப்பத்தான் நம்பிச் செலவழிக்க மனசு வந்துச்சு.”

மழையும் கைவிடவில்லை. தையில் அறுத்து, முதன்முறையாகத் தன் பெயரிலேயே நெல் போட்டாள் ராக்கு. அன்று ராமலெட்சுமி மீன் குழம்பு வைத்து இரண்டு தட்டுகளைக் கழுவி எடுத்துவைத்தாள். வாரத்துப் பங்கு மூட்டைகளை இறக்கிவிட்டு ராக்கு வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வா, சாப்பிட்டுப் போ.”

“வண்டி நிக்கிதும்மா. வெதைக்கும் கையெழுத்துக்கும் உங்கள அலைக்கழிச்சேன். இனி அந்தத் தொந்தரவு இருக்காது. வாரேன்.”

சொல்லும்போது ராக்குவின் முகம் தெளிந்திருந்தது. இத்தனை வருடமும் அவள் அடிக்கடி வந்து படியேறியது தன்னைப் பார்க்க அல்ல, அந்தக் கையெழுத்துக்காகத்தான் என்பது ராமலெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி திரும்பிப் போகும்வரை பார்த்து நின்றாள்.

செய்தது தப்பென்று அவளுக்கு ஒருபோதும் தோன்றவில்லை. குழம்பு மிஞ்சிவிட்டது. மறுநாளும் அதையே சுடவைத்துச் சாப்பிட்டாள்.