தங்கை துடைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

1

கழுத்துக்குப் பின்னால், இரண்டு தோள்களும் சேரும் இடத்தில் வலிக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி. என் அம்மாவுக்கும் அதே இடத்தில்தான் வலிக்கும். அவளுக்கு அது செங்கல் சுமந்து வந்தது. சூளையில் வளர்ந்த நான் இப்போது செங்கல் விற்கும் கிடங்கில் பில் போடுகிறேன். கல் தலையிலிருந்து திரைக்கு இறங்கியிருக்கிறது, வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கிடங்கில் லாரி வராத நேரத்தில் கதை எழுதுவேன். இந்தக் கதையும் அப்படி எழுதுவதுதான். இது எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறாமையிலிருந்து. கொஞ்சம் மரியாதையான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் எதைத் தேடினாலும் வேறொன்றுதான் கிடைத்தது." அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது. நான் அழகாக எழுதினால் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தம்.

இரண்டாவது: "அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். அந்தத் தங்கைக்கு எல்லாமே" —

இதை முடிக்கவில்லை. 'அவள்' என்று ஆரம்பித்ததுதான் கோளாறு. நான் என்றே எழுதுகிறேன்.

கதையில் மூன்று பேர். நான், என் மகள், என் தங்கை. (என் வீட்டுக்காரரும் வீட்டில்தான் இருந்தார். கதைக்குள் வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "நான் எதுக்கு" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.)

2

வீட்டுக் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்தால், நாங்கள் வைத்திருந்த பக்கத்துக்குப் பதிலாகப் பச்சை இலைப் படம் போட்ட ஒரு தேடல் பக்கம் வர ஆரம்பித்தது. எதைத் தட்டினாலும் இடையில் அந்த இலை. பிறகு பக்கங்கள் தானாகவே திறந்தன. கார் பரிசு. முடி வளர எண்ணெய். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இங்கே அழுத்தவும்.' ஒன்றை மூடினால் அதன் அண்ணன் வந்து நிற்பான்.

மகளைத்தான் திட்டினேன்.

"கண்ட கேமையும் இறக்கினா இப்படித்தான் ஆகும்."

"நான் எதையும் இறக்கலம்மா."

"அப்ப நான் இறக்கினேனா?"

சண்டைக்கு அவளுக்கு நேரமில்லை. திங்கட்கிழமை காலை நுழைவுத் தேர்வு, வீட்டிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். தேர்வுக்கு ஒரு விதி உண்டு. நடுவில் திரையில் வேறு பக்கம் திறந்தால், அதை யார் திறந்திருந்தாலும், தேர்வு ரத்து. மறுவாய்ப்பு கிடையாது. தானாகப் பக்கம் திறக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படிப்பு இருப்பது என் தங்கை இருக்கும் ஊரில். இடம் கிடைத்தால் மகள் அவள் வீட்டில்தான் தங்குவாள். தங்கை அதற்குள் ஓர் அறையைக் காலி செய்துவிட்டாள். ஜன்னலுக்கு எந்தக் கலரில் திரை போடட்டும் என்று போனில் கேட்டாள். "மஞ்சள், சித்தி" என்றாள் மகள், கொஞ்சமும் யோசிக்காமல்.

போனை வைத்ததும் கேட்டேன். "உனக்கு நீலம்தானே பிடிக்கும்?"

"அது சின்ன வயசுலம்மா."

அவளுடைய பை, பாட்டில், போர்வை எல்லாவற்றையும் நீலத்தில் வாங்கித் தந்தவள் நான். போன மாதம் வாங்கிய குடை உட்பட.

3

தங்கைக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் தொழில். ஞாயிறு மத்தியானம் பஸ் பிடித்து வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே "வாலு எங்க?" என்றாள். மகளுக்கு நான் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் 'என்ன' என்பாள். வாலு என்பது தங்கை வைத்தது. அதற்கு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

என் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியை அழுத்தி அதன் உயரத்தை ஏற்றிக்கொண்டாள் தங்கை. மகள் மேஜை விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். நான் உட்கார்ந்தால் அவள் அங்கே உட்காருவதில்லை.

"அக்கா, நீ கார் ஜெயிச்சிருக்கியாமே! சொல்லவே இல்ல?"

"ரெண்டு கார் சித்தி. நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு."

"அப்ப ஒண்ண எனக்குத் தரச் சொல்லுடி."

"தரமாட்டாங்க. பழைய துணிய தூக்கிப் போடவே அழுவாங்க."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுதலாம். இல்லை.

வேலையை அவள் வரிசையாகச் செய்தாள். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலைத் திறந்தாள். நாங்கள் போட்டவை இரண்டு. மூன்றாவதாக, யாரும் போடாத பச்சை இலை. "இந்தா இருக்கான் பாரு, வாடகை குடுக்காம" என்று அதை நீக்கினாள். திறக்கும் பக்கத்தையும் தேடல் பக்கத்தையும் பழையபடி மாற்றினாள். எங்கள் வீட்டில் யாரோ 'சரி, சரி' என்று அழுத்தி அனுமதி கொடுத்து வைத்திருந்த தளங்களை ஒவ்வொன்றாகத் தடுத்தாள். கடைசியில் முழுக் கம்ப்யூட்டரையும் சோதிக்கும் புரோகிராமை ஓட விட்டுவிட்டு, காலை மடக்கிக்கொண்டு டீ கேட்டாள்.

அது ஓடி முடிகிறவரை இருவரும் பேசினார்கள். அந்த ஊர் பஸ், அந்த ஊர் மழை, மொட்டை மாடியில் தங்கை வளர்க்கும் பூனை. நான் டீ கொண்டுவந்து வைத்தபோது பேச்சு நின்றது, போனதும் தொடர்ந்தது.

(இந்த இடத்தில் ஒரு விஷயம். எழுதியதைத் திருப்பிப் படித்தால் நல்ல வசனமெல்லாம் அவளிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. கதை என்னுடையது, பேனா என்னுடையது, சிரிப்பு மட்டும் அவளுக்கு. அதனால் பூனையைப் பற்றி அவள் சொன்ன ஒரு ஜோக்கை வெட்டிவிட்டேன். நல்ல ஜோக். சொல்லமாட்டேன்.)

4

சோதனை முடிந்தது. ஒன்றும் அகப்படவில்லை. தங்கை முகத்தைச் சுளித்தாள்.

"விசித்திரமா இருக்கே. இந்த மாதிரி வந்தா கூடவே ஒரு புரோகிராமும் வந்து உள்ள உக்காந்திருக்கும். இங்க அப்படி எதுவும் இல்ல. பின்ன இலை எங்கேயிருந்து வந்துச்சு?" என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, பிரவுசர்ல உன் மெயில் போட்டு திறக்குற இதே கணக்க வேற எந்த கம்ப்யூட்டர்லயாவது திறந்து வச்சிருக்கியா?"

"ஏன்?"

"கணக்கு ஒண்ணா இருந்தா அங்க ஒட்டினது இங்கயும் ஒட்டும். அந்த கம்ப்யூட்டர்ல புரோகிராம் உக்காந்திருந்தா, அத ஆன் பண்ணும்போதெல்லாம் இலை இங்கயும் வந்து நிக்கும். நான் எவ்வளவு துடைச்சாலும் பிரயோஜனம் இல்ல."

கிடங்குக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருக்கிறேன். பில் போட அதற்கு வீட்டுக் கணக்கு தேவையே இல்லை. கதை எழுதத்தான் திறந்தேன், பாதி எழுதியதை வீட்டுக்கு வந்து தொடரலாமே என்று. கதைக் கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்ற இலவசமாகக் கிடைத்த ஒரு புரோகிராமையும் அங்கே இறக்கினேன். அன்று முதல் கிடங்கிலும் இலைதான். அங்கே கார் பரிசு விழுந்தால் மூடிவிட்டுப் பில் போடுவேன். இரண்டையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை, அவள் கேட்ட அந்த நிமிடம்வரை.

மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அப்ப நான் இறக்கினேனா' என்று நான் கேட்ட மகள்.

"இல்ல" என்றேன். "வேற எங்கயும் இல்ல."

(கணக்கின் அமைப்புக்குள் போனால் அது எந்தெந்த இயந்திரத்தில் திறந்திருக்கிறது என்று தெரியும். தங்கைக்கு அது தெரியாதா? போகவில்லை. அக்கா இல்லை என்றால் இல்லை என்று விட்டுவிட்டாள். இந்த வரியை வெட்டலாமா என்றுதான் அதிக நேரம் யோசித்தேன். வெட்டவில்லை.)

"இனி வராதுல்ல சித்தி?"

"வந்தா என் பேர மாத்திக்கறேன், போ."

5

திங்கள் காலை. மகள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால். தங்கை ஊர் திரும்பும் பஸ்ஸில். நான் கிடங்கில்.

ஷட்டரைத் தூக்கினேன். மேஜையில் படிந்திருந்த சிவப்புத் தூசியைத் துடைத்தேன். வாசலில் லாரி நின்றது. கதவில் சாய்ந்துகொண்டு டிரைவர் குரல் கொடுத்தார்.

"அக்கா, பில்லு! வெயில் ஏறுது."

"கம்ப்யூட்டர போட விடுப்பா."

தினமும் நான் செய்கிற முதல் வேலை அதுதான். குனிந்து சுவிட்சைத் தட்ட வேண்டும். வேலைக்கு வந்தவள் வேலையை ஆரம்பித்தாள், அவ்வளவுதான். எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்காது. தட்டினால் இலை வீட்டுக்குப் போகும். அங்கே ஒரு பக்கம் தானாகத் திறக்கும். மகள் என்னோடு இருப்பாள்.

இழுப்பறையில் கையால் எழுதும் பில் புத்தகமும் கார்பன் தாளும் உண்டு. கரண்ட் போனால் அதில்தான்.

அவள் சுவிட்ச் மேல் விரலை வைத்தாள்.

(பார்த்தீர்களா? இதுவரை 'நான்' என்று எழுதிக்கொண்டு வந்தவள் இங்கே 'அவள்' ஆகிவிட்டேன். திருத்தவில்லை. இனி வருவதில் நான் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது.)*

6. முடிவு ஒன்று

அவள் தட்டினாள். டிரைவருக்குப் பில் கிடைத்தது. சற்று நேரத்தில் போன் அடித்தது. மகளின் அழுகைதான் வந்தது. பிறகு தங்கை கூப்பிட்டாள், பஸ் இரைச்சலுக்கு நடுவில்.

"அக்கா, நான் எந்த மூஞ்சிய வச்சுகிட்டு அவகிட்ட பேசுவேன்? எங்கயோ கோட்டை விட்டுட்டேன். இத்தன வருஷத்துல இப்படி ஆனதே இல்ல."

"விடு. வேணும்னா செஞ்ச? பரவால்ல."

சாயங்காலம் மகள் அவள் மடியில் தலைவைத்துப் படுத்தாள். சித்தி என்ற சொல் அன்று மகள் வாயில் வரவில்லை. அவள் மகளின் முடியைக் கோதினாள்.

இந்த முடிவை ஒரே மூச்சில் எழுதினேன், ஒரு வார்த்தைகூட அடிக்காமல். அந்த 'பரவால்ல' இருக்கிறதே, செய்யாத தவறுக்கு ஒருத்தியை மன்னிக்கிற சுகம், அதை எழுதும்போது என் வாய் இனித்தது. பொய் சொல்லி என்ன.

7. முடிவு இரண்டு

அவள் விரலை எடுத்தாள். இழுப்பறையைத் திறந்து பில் புத்தகத்தை வெளியே போட்டாள்.

"என்னக்கா, கரண்ட் இருக்கே? ஃபேன் சுத்துதே?"

"ஃபேனுக்கு இருக்கு. கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்ல."

"எழுத்தப் பாத்தா உங்களுக்குத்தான் சரியில்லாத மாதிரி இருக்கு. இது ஏழா, ஒண்ணா?"

"காசு குடுக்கும்போது ஏழு. கிளம்பு."

அன்று முழுக்க கையாலேயே எழுதினாள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள்.

"சூப்பரா எழுதிட்டேம்மா! ஒரு தடவகூட எதுவும் திறக்கல. சித்தி கை வச்சா கை வச்சதுதான்!"

"ஆமா" என்றாள் அவள். வேறு என்ன சொல்வது? இலை வராததற்குக் காரணம் நான்தான் என்று சொன்னால், இலை வந்ததற்குக் காரணமும் நான்தான் என்று சொல்ல வேண்டும். மகள் அந்தப் பக்கம் திரும்பி, "சித்தி!" என்று போனில் கத்தினாள். அவள் கைகழுவப் போனாள். விரலெல்லாம் கார்பன் மை.

இந்த முடிவில் அவள் நல்லவள். அதனாலேயே இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருந்தது. நல்லது செய்தபிறகும் எரிச்சல் குறையாத ஒருத்தியை வாசகர்கள் நம்புவார்களா என்று தெரியவில்லை.

8

எது நடந்தது என்று கேட்பீர்கள். சொல்லப்போவதில்லை. உங்களில் சிலர் என் மகளுக்குத் தெரிந்தவர்கள். அவள் இப்போது மஞ்சள் திரை போட்ட அறையில் இருக்கிறாளா, இங்கே என் பக்கத்து அறையில் இருக்கிறாளா என்பது உங்கள் கையில். பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதும்போது ஒரு நாள் ஒன்று பிடிக்கிறது, மறுநாள் மற்றது.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் தங்கை தன் வேலையில் தவறிவிட்டதாக நினைத்துக்கொண்டு இருக்கிறாள். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் தன் வேலையில் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு இருக்கிறாள். அவள் நினைப்பது இரண்டுமே உண்மையில்லை. அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எந்த முடிவானாலும் என் தங்கைக்கு நான் ஒரு உண்மை தர வேண்டியிருக்கிறது. இன்னும் தரவில்லை.

---

* நெட் வயரைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கலாமே என்று உங்களில் ஒருவர் நிச்சயம் சொல்வீர்கள். அந்த நேரத்தில் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதை இல்லை.