துக்கம் இறக்கும் நாள்

இளங்கீரன் எழும்பி முகம் கழுவினான். நேற்றைய சோற்றை உள்ளி போட்டு வறுத்தான். மனைவி மேரிசெல்லின் ஊரில் காலைச் சாப்பாடு அதுதான். முட்டை பொரித்தான். ஆறு வயது மகள் தாலாவுக்குத் தலை பின்னினான். வகிடு கோணலாகத்தான் வந்தது.

"கயின் நா," என்றான். சாப்பிட வா என்று அர்த்தம்.

"ஓகே அப்பா."

மேரிசெல் செத்து ஒரு வருடம். லிட்கமில் கடைகளுக்குப் பின்னாலிருந்த கார் பார்க்கில், கைப்பைக்காக ஒருவன் அவளை வயிற்றில் குத்தினான். விழுந்த பிறகும் குத்தினான். தாலா பக்கத்தில் நின்றாள். அன்றிலிருந்து பிள்ளை தாயின் தகாலொக் மொழியில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. இளங்கீரன்தான் தனக்குத் தெரிந்த அரைகுறையை விடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

அன்று பிளாக்டவுனில், மேரிசெல்லின் தமையன் டான்டே வீட்டில், துக்கம் இறக்கும் சடங்கு. வருடம் முழுக்க உடுத்த கறுப்பை அவர்களுடைய ஆட்கள் அன்றோடு கழற்றிவிடுவார்கள். செபம் முடிந்து நூடில்ஸ் தட்டு கைமாறும்போது டான்டே ஆங்கிலத்தில் தொடங்கினான்.

"தாலாவை மணிலாவுக்குக் கொண்டு போறன். எங்கட அம்மாவோட இருந்தால் எங்கட பாஷையில வாய் திறப்பாள்."

"குயா, அவள் என்ர பிள்ளை." அண்ணனை அப்படிக் கூப்பிட மேரிசெல்தான் பழக்கியிருந்தாள்.

"உன்ர பிள்ளையோ? கருவாட்டுக் குழம்பை ஊத்தி ஊத்தி ஊமையாக்கிப் போட்டாய்."

"உங்கட குசினியிலயும் கருவாடுதானே நாறுது."

யாரோ சிரித்தார்கள். டான்டேயின் முகம் இறுகியது.

"என்ர தங்கச்சி உன்னைக் கூப்பிட்டுக் கத்திக் கத்தித்தான் செத்திருப்பாள். நீ எங்க கிடந்தனீ?"

ஒரு வருடமாக இளங்கீரன் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. கையிலிருந்த தட்டால் டான்டேயின் முகத்தில் அடித்தான். பீங்கான் உடைந்தது, மூக்கும் உடைந்தது. டான்டே அவன் தலைமயிரைப் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவில் மோதினான். இளங்கீரன் அந்தக் கையைக் கடித்தான். இருவரும் விழுந்தார்கள். இளங்கீரன் மேலே ஏறியிருந்து குத்தினான். ஒரு பல் முஷ்டியில் குத்தி நின்றது. இழுக்க வந்தவர்களை உதறினான். கொல்லத்தான் போகிறான் என்று அவனுக்கே தெரிந்தது.

"பிக்கிட் கா லாங், அனாக்."

மேசைக்கடியிலிருந்து தகாலொக்கில் வந்தது குரல். தாலா, டான்டேயின் சின்ன மகளை மடியில் அணைத்து, அவள் கண்களைப் பொத்தியிருந்தாள். அந்தச் சின்னவளை அனாக், பிள்ளை, என்று கூப்பிட்டாள், தாய் கூப்பிடுகிற மாதிரி.

"சன்தாலி லாங் இத்தோ," என்றாள்.

இளங்கீரனின் கை நின்றது. கீழே கிடந்த டான்டேயும் அசையவில்லை.

"ஆரம்மா இப்பிடிச் சொன்னது?" என்று இளங்கீரன் கேட்டான்.

"நானாய்." அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "கார் பார்க்கில. விழுந்தபிறகு."

"அப்பாவைக் கூப்பிட்டவவோ?"

"இல்லை. என்னைத்தான் பார்த்தவ."

டான்டே இரத்தத்தைத் துப்பினான். "கொண்டு போகேல்லை," என்றான். "உன்னோடயே இருக்கட்டும்."

இளங்கீரனுக்கு அது காதில் விழவில்லை.

"வேற என்ன சொன்னவ?"

"வேற ஒண்டும் இல்லை, அப்பா. அவ்வளவுதான்."

பிள்ளையின் தலைக்கு ஷாம்பூ போடும்போதெல்லாம் மேரிசெல் சொல்லுவது அது. கண்ணை மட்டும் மூடிக்கொள், பிள்ளை. கொஞ்ச நேரம்தான்.