செவலைக்கு வைத்த தேன்

கோசலா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தின், தொழிலாளர் வீட்டு வரிசையின், கடைசி வீட்டில் அவள் புருஷன் லெட்சுமணன் தனியாக இருந்தான். துணைக்கு அவள் விட்டுப்போன கோழிகள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால், "சாப்பிட்டீங்களா?" என்பதற்கு அடுத்து அவள் கேட்பது செவலையைப் பற்றித்தான். உள்ளங்கையில் தீனி வைத்து அவள் வளர்த்த சிவப்புப் பெட்டை அது.

ஆடி மழை விடாமல் அடித்த வாரம் கோழிகளுக்குச் சளி கண்டது. கண் வீங்கி, மூக்கு ஒழுகி, ஐந்து செத்துப்போயின. லெட்சுமணன் குழி தோண்டிப் புதைத்தான். அந்த ஞாயிறு, "எல்லாம் நல்லாருக்கு" என்று அவளிடம் பொய் சொன்னான். பிறகு சோறு இறங்கவில்லை.

டவுனில் மாட்டு டாக்டர் இந்திராதேவி கொடுத்த மருந்தில் சளி நின்றது. ஆனால் மிஞ்சிய கோழிகள் தீனியைத் தொடவில்லை. செவலை மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தே கிடந்தது. அவன் மறுபடி டாக்டரிடம் ஓடினான்.

"மருந்து போதும், இனி தெம்புதான் வரணும். தேன்பெட்டி வச்சிருக்கேன்னீங்களே, அடையில மஞ்சளா மகரந்தம் இருக்கும். காயவச்சு இடிச்சு தீனியில கொஞ்சமா கலந்து வைங்க. தண்ணியில ரெண்டு சொட்டு தேன் விடுங்க. தெனமும் தண்ணிய மாத்தணும்."

"அதுல பொழச்சிருமாங்க?"

"அப்புடி சொல்ல முடியாதுங்க. திங்க ஆரம்பிச்சா பொழச்சிக்கும்."

மழைக்காலத்தில் பூ கிடையாது. பெட்டியில் இருப்பது தேனீக்களின் சாப்பாடு. அதனால் உள்ளங்கை அகல அடை மட்டும் அறுத்தான். மகரந்தத்தை அடுப்போரம் உலர்த்தி இடித்தான். தேன் வீட்டில் ஒரே ஒரு போத்தல்தான் இருந்தது. கோசலா வந்து இறங்கும் நாளுக்கென்று, மூடியில் மெழுகு ஊற்றி வைத்திருந்தான். ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மெழுகைச் சுரண்டினான்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. செவலைக்கு மட்டும் அலகைப் பிரித்து விரலால் தேன் தண்ணீர் விட்டான். மூன்றாம் நாள் காலை அது தானாகத் தலையைத் தாழ்த்தி தீனியைக் கொத்தியது. மருந்தா, மகரந்தமா, அதன் ஆயுசு கெட்டியா, அவனுக்குத் தெரியவில்லை. கூட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அது கொத்துவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். செத்ததை, பொய் சொன்னதை, அவளுக்கென்று வைத்த போத்தலைத் திறந்ததை.

"தேன் கெடக்கு, விடுங்க. செவலையக் காட்டுங்க," என்றாள் கோசலா.

போனைக் கூட்டருகே கொண்டுபோனான். மழை தூறிக்கொண்டிருந்தது. "பேசாம அங்கனயே வைங்க," என்றாள். "இங்க மணலும் ஏசி சத்தமுந்தாங்க. கோழி கொக்கரிக்கிறத, நம்ம தகரத்துல மழ விழுறத கொஞ்சம் கேட்டுக்கிறேன்."

"எப்ப வருவ கோசலா?"

"மாசி முடியட்டும்னு இங்க வீட்டுக்காரங்க சொல்றாங்க. போன மாசியிலயும் அப்புடித்தான் சொன்னாங்க."

அவன் கல்லின்மேல் போனைச் சாய்த்து வைத்து அதற்குக் குடை பிடித்தான். திரையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முதுகு முழுக்க நனைந்தும், அவளாக வைக்கும்வரை அவன் நகரவில்லை.